ஜன்னல் பக்கத்தில் நின்ற பெண்ணை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி இதுதான்: ஓர் இடத்தில் பலர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார், அவர்களில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் (ஒரு பெயரை ஒட்டி வந்து அதை விவரிக்கிற துணை வாக்கியம்) வைத்துச் சொல்லப் போனால் 'ஹூ', 'விச்', 'வேர்' எல்லாம் கலந்து குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

நான் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் அதிகம் பார்க்கிற சிக்கல்களில் இது ஒன்று. நன்றாகத் தமிழ் பேசுகிறவர்களுக்குத்தான் இது கூடுதலாக வரும். காரணம் நம்முடைய பெயரெச்சம்.

'உட்கார்ந்த' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த ஆள், உட்கார்ந்த நாற்காலி, உட்கார்ந்த அறை, உட்கார்ந்த நேரம். நான்குக்கும் சொல் ஒன்றுதான். முழு வாக்கியமாக விரித்தால் ஆள் உட்கார்ந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், அறையில் உட்கார்ந்தார் என்று உறவு வேறு வேறாக இருக்கிறது. பெயரெச்சமாக மாறியதும் அந்த 'இல்' உள்ளே போய் மறைந்துவிடுகிறது. பெயரெச்சம் தழுவுகிற பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகையாக நன்னூல் சொல்கிறது. ஆறுக்கும் ஒரே உருவம் போதும், கேட்கிறவருக்குத் தானாகப் புரிந்துவிடும். இது தமிழின் பெரிய வசதி.

ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. 'த மேன் ஹூ வாஸ் ஸிட்டிங்' என்றால் ஆள். 'த சேர் ஹீ வாஸ் ஸிட்டிங் ஆன்' என்றால் நாற்காலி. 'த ரூம் வேர் ஹீ வாஸ் ஸிட்டிங்' என்றால் அறை. மறைந்த 'இல்' எங்கேயாவது வெளியே தெரிந்தாக வேண்டும்: கடைசியில் நிற்கும் 'ஆன்', 'இன்' மாதிரி ப்ரெபொசிஷனாகவோ, 'வேர்' என்ற சொல்லுக்குள்ளோ. இதை விட்டுவிட்டுத்தான் 'த சேர் ஐ வாஸ் ஸிட்டிங்' என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அதில் குறையே தெரியாது.

அதனால் நான் சொல்லும் வழி, முதலில் தமிழிலேயே பெயரெச்சத்தை உடைத்துப் பாருங்கள் என்பதுதான். 'நாங்கள் தங்கிய வீடு' என்பதை உடைத்தால் 'வீட்டில் தங்கினோம்'. 'நாங்கள் பார்த்த வீடு' என்பதை உடைத்தால் 'வீட்டைப் பார்த்தோம்'. 'இல்' வந்தால் 'வேர்' போடலாம், 'ஐ' வந்தால் 'விச்' அல்லது 'தட்'. இடத்தின் பெயர் வந்ததுமே கண்ணை மூடிக்கொண்டு 'வேர்' போடுகிற பழக்கம் இதிலேயே பாதி போய்விடும். சில இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். 'ஊருக்குப் போனோம்' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'விசிட்' என்று சொன்னால், அந்த வினை ஊரை நேரடியாகச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளும். அதனால் 'த டவுன் விச் வீ விசிட்டட்'. 'வேர்' கூடாது.

'வேர்' போட்டால் 'இன்' போய்விட வேண்டும் என்பதும் முக்கியம். 'த ஹவுஸ் வேர் ஐ லிவ்ட் இன்' என்பதில் 'இல்' இரண்டு முறை வந்துவிடுகிறது.

இலக்கணப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 'வேர்' வசதியான சொல், ஆனால் மங்கலான சொல். உள்ளேயா, மேலேயா, பின்னாலா, பக்கத்திலா என்று அது சொல்லாது. அறை, ஊர், அலுவலகம் என்றால் பரவாயில்லை. அங்கே இருப்பது என்றால் உள்ளே இருப்பதுதான். திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருந்தால் 'த கர்ட்டன் ஹீ வாஸ் ஹைடிங் பிஹைண்ட்' என்று அந்த 'பிஹைண்ட்' வந்தே ஆக வேண்டும். ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்வதுதான் நோக்கம் என்றால் உயிர் அந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒருவர் நர்ஸ். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்காகப் பழகும்போது அவர் 'த பெட் ஷீ வாஸ் ஸிட்டிங்' என்று எழுதியிருந்தார். கட்டில் எது என்று தெரிகிறது. அந்தப் பெண் யார் என்று தெரியவில்லை. 'த பெட் ஷீ வாஸ் ஸிட்டிங் ஆன்' என்றால் அவர் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார், அநேகமாக நோயாளி. 'த பெட் ஷீ வாஸ் ஸிட்டிங் பிஸைட்' என்றால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், துணைக்கு வந்தவராக இருக்கும். ஒரு சொல்லில் ஆளே மாறிவிடுகிறார். அதை நான் சொல்லவில்லை. இரண்டு வாக்கியங்களையும் எழுதிப் பார்த்து அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் ப்ரெபொசிஷனை விட்டு நான் பார்த்ததில்லை.

வாக்கியத்தின் கடைசியில் ப்ரெபொசிஷன் வரலாமா என்று உடனே கேட்பீர்கள். தாராளமாக வரலாம். அது தவறு என்கிற எண்ணம் பழையது. 1672-லேயே ஆங்கிலக் கவிஞர் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இப்படி வருவதைக் குறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். அலுவல் கடிதம், அறிக்கை என்றால் முன்னால் கொண்டுபோய் 'த ரூம் இன் விச் தே வெர் வெயிட்டிங்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி முன்னால் வந்தால் 'இன் தட்' என்று எழுதக் கூடாது. ஆளைக் குறித்தால் 'ஹூ' என்பது 'ஹூம்' ஆகும்: 'த மேன் பிஸைட் ஹூம் ஷீ வாஸ் ஸ்டாண்டிங்'. பேச்சில் இதைச் சொன்னால் விறைப்பாகக் கேட்கும். 'த மேன் ஷீ வாஸ் ஸ்டாண்டிங் பிஸைட்' போதும்.

சரி, ஆட்களுக்கு வருவோம். 'ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெண்'. தமிழில் விவரம் முதலில், ஆள் கடைசியில். ஆங்கிலத்தில் ஆள் முதலில்: 'த வுமன் ஹூ வாஸ் ஸ்டாண்டிங் நியர் த விண்டோ'. இதில் 'ஹூ வாஸ்' இரண்டையும் எடுத்துவிட்டு 'த வுமன் ஸ்டாண்டிங் நியர் த விண்டோ' என்றாலும் சரி. நின்றது முக்கியமில்லை என்றால் 'த வுமன் நியர் த விண்டோ' என்றே நிறுத்தலாம். பேச்சில் இந்தக் கடைசி வடிவம் ரொம்ப இயல்பு. என் மாணவர்களிடம் முதலில் இதை முயலச் சொல்வேன். ரிலேட்டிவ் கிளாஸ் படித்துவிட்டோம் என்பதற்காக எல்லா இடத்திலும் அதை நுழைக்க வேண்டியதில்லை. ஆனால் 'த வுமன் ஹூ ஸ்டுட் நியர் த விண்டோ' என்று எழுதியிருந்தால் 'ஹூ'வை மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால் அது தனி வாக்கியமாகிவிடும்.

அப்புறம் கமா. 'த பேசஞ்சர்ஸ் ஹூ வெர் இன் த லாஸ்ட் கோச் வெர் சேஃப்' என்று கமா இல்லாமல் எழுதினால், கடைசிப் பெட்டியில் இருந்த பயணிகள் பத்திரம். மற்றவர்கள் நிலைமை வேறாக இருக்கலாம். 'பேசஞ்சர்ஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு கமா, 'கோச்' என்பதற்குப் பின்னால் ஒரு கமா போட்டால், நாம் பேசுகிற பயணிகள் எல்லோருமே கடைசிப் பெட்டியில்தான் இருந்தார்கள், எல்லோரும் பத்திரம். உறவினரைத் தேடி அந்தச் செய்தியைப் படிக்கிறவருக்கு அந்த இரண்டு கமா எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கமா போட்ட இடத்தில் 'தட்' வராது, 'ஹூ'தான். ஒரே அக்கா இருக்கிறவர் 'மை சிஸ்டர், ஹூ வாஸ் அப்ஸ்டேர்ஸ்' என்று கமாவோடு எழுத வேண்டியதும் இதனால்தான். கமா இல்லாவிட்டால், மாடியில் இல்லாத இன்னொரு அக்காவோ தங்கையோ இருப்பதாகப் பொருள் வரும்.

இரண்டு பேர் அடுத்தடுத்து வரும்போதுதான் உண்மையான சிக்கல். இதற்குப் பெயர்பெற்ற ஆய்வே இருக்கிறது. க்வேட்டோஸ், மிட்செல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்டது. நடிகையின் வேலையாளை யாரோ சுட்டுவிட்டார்கள், வாக்கியம் 'த சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் த பால்கனி' என்று முடிகிறது. பால்கனியில் இருந்தது யார்? ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடிகை என்ற பக்கமும், அதே அமைப்பை ஸ்பானிய மொழியில் படித்தவர்கள் வேலையாள் என்ற பக்கமும் அதிகம் சாய்ந்தார்கள். இலக்கணப்படி இரண்டுமே சரி. தமிழிலும் தப்ப முடியாது: 'பால்கனியில் இருந்த நடிகையின் வேலையாள்' என்று சொல்லிப் பாருங்கள், அதே குழப்பம்தான்.

இதற்கு நான் சொல்லும் தீர்வு, 'ஹூ'வை அது குறிக்கிற ஆளோடு ஒட்டி வையுங்கள், நடுவில் இன்னொருவரை விடாதீர்கள் என்பது. 'தி ஆக்ட்ரஸஸ் சர்வன்ட், ஹூ வாஸ் ஆன் த பால்கனி' என்றால் 'ஹூ'வுக்குப் பக்கத்தில் நிற்பது வேலையாள்தான். அப்படியும் சரிவராவிட்டால் இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள். சாட்சி சொல்வது, விபத்து அறிக்கை, மருத்துவமனைக் குறிப்பு மாதிரி இடங்களில் நான் உடைப்பதையே விரும்புவேன்.

பழகுவதற்கு, பலர் இருக்கிற ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், உடை, உயரம் எதுவும் சொல்லாமல், இருந்த இடத்தை மட்டும் வைத்து ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். இன்னொருவர் அதைக் கேட்டு விரலால் காட்டட்டும். விரல் இரண்டு பேருக்கு நடுவில் தயங்கினால், ப்ரெபொசிஷன் விடுபட்டிருக்கிறதா, 'ஹூ' யாரோடு ஒட்டியிருக்கிறது என்று அந்த வாக்கியத்தை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சொல்லுங்கள்.