ஞாயிறு இரவு ஒன்பதரை மணி

அன்புள்ள அக்கா,

எனக்கு 33 வயது. விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவன். நான்கு மாதங்களுக்கு முன் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது என் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இன்னும் மேலே போக வேண்டும் என்ற ஆசை நிறைய இருக்கிறது, அதைச் சொல்லியே ஜெபிக்கிறேன். ஆனால் ஓய்வெடுக்கும்போதெல்லாம் இயேசுவின் உவமையில் எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, பெருக்காமல் மண்ணில் புதைத்தவனைப் போலக் குற்ற உணர்வு வருகிறது. வேலையில் மூழ்கினால் தேவனை மறந்துவிட்டேனோ என்று இன்னொரு குற்ற உணர்வு. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆராதனை, அப்புறம் குடும்பம், லேப்டாப்பைத் தொடுவதே இல்லை. இரவு ஒன்பதரைக்குக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன், திங்கள் காலை எல்லாம் தயாராக இருக்கும். ஒரு கிறிஸ்தவன் லட்சியத்தையும் விசுவாசத்தையும் ஓய்வையும் எப்படிச் சமன் செய்வது? லட்சியமே பாவமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக வேதத்தில் உபாகமம் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்தப் பக்கத்தில் வந்து விழுந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

லட்சியம் பாவமா என்பதை முதலில் முடித்துவிடலாம். பாவமில்லை. தாலந்து உவமையை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். எஜமான் அந்த ஊழியக்காரனைச் சோம்பன் என்கிறார், உண்மைதான். ஆனால் ஏன் புதைத்தாய் என்பதற்கு அவன் வாயால் சொல்லும் காரணம் பயம். எஜமான் கடினமானவர் என்று பயந்து புதைத்தான். ஓய்வெடுக்கும்போது உங்களுக்கு வருவதும் அதே பயம்தான் என்று நினைக்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், திரும்பத் தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பயணம் அப்புறம்தான். தூங்குங்கள் தம்பி. சமன் செய்வதற்கு அட்டவணை ஏதாவது தருவேன் என்று எதிர்பார்த்திருந்தால், என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரியை. நீங்கள் அதைக் கேள்வியாகக்கூட எழுதவில்லை, பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். இரவு ஒன்பதரை, வாட்ஸ்அப், ஒன்பது பேர்.

ஏழாம் நாள் வேலை செய்யாதே என்னும் ஓய்வுநாள் கட்டளை, பத்துக் கட்டளைகளில் ஒன்றாக வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் இருபதில் சொல்லப்படும் காரணம், ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, யோர்தான் நதியைக் கடக்கக் காத்திருக்கும் அடுத்த தலைமுறை இஸ்ரவேலருக்கு மோசே அதே கட்டளையை உபாகமம் ஐந்தில் சொல்கிறான். அப்போது காரணம் மாறிவிடுகிறது. படைப்பைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை என்கிறான்.

அன்று யாரெல்லாம் வேலை செய்யக்கூடாது என்று அங்கே வரும் பட்டியலை ஒருமுறை விரலை வைத்துப் படியுங்கள். நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, மற்ற மிருகங்கள், உன் வாசலில் இருக்கும் அந்நியன். முதல் சொல்லைத் தவிர மீதி எல்லாமே உன் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள். யாத்திராகமத்தில் பொதுவாக மிருகஜீவன் என்று இருந்த இடத்தில் இங்கே எருதும் கழுதையும் தனித்தனியாக வந்துவிட்டன. அதோடு யாத்திராகமத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். இத்தனை வருடம் இதைப் படித்திருந்தும் 'நீ' என்பதோடு நின்றுவிட்டேன். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். (ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதைக் கிளப்புகிறவர்கள் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.)

எகிப்தில் என்ன நடந்தது? மூன்று நாள் பயணம் போய்க் கர்த்தருக்குப் பலியிட விடு என்று அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் கேட்டார்கள். ராஜாவான பார்வோன் செங்கல் அறுக்க வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. ஓய்வு கேட்டவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்றான், அதையும் இரண்டு முறை சொன்னான். இந்தக் கதையைப் படிக்கும்போது நாம் எல்லோரும் செங்கல் அறுப்பவர்களின் பக்கத்தில் நின்றுகொள்கிறோம். ஒன்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அக்கா, நான் அனுப்பத்தான் செய்கிறேன், திங்கள் பார்த்தால் போதும்." சரி. போன ஞாயிறு நீங்கள் அனுப்பியதற்கு எத்தனை நீலக் குறி விழுந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது என்று எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை "ஓகே சார்" வந்தது? வராதவர் யார் என்று உங்கள் கண் தேடியதா இல்லையா? எட்டு மணியிலிருந்தே ஒருவர் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையைத் தூங்க வைக்கிறவர் ஒரு கையால் திறந்து படிப்பார். உங்கள் லேப்டாப் மூடியிருப்பதால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் எட்டாம் அதிகாரத்தில் சில வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியத்தை விற்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். கவனியுங்கள், அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. பொழுது சாயும்வரை கடையைத் திறக்கவில்லை, கட்டளைப்படிதான் இருந்தார்கள். கர்த்தர் கோபித்தது அவர்கள்மேல்தான், ஏனென்றால் காத்திருந்த நேரமெல்லாம் ஏழையின் முதுகின்மேல்தான் அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடுமையாகப் பேசுகிறேன். எனக்கு இதைச் சொல்ல உரிமை வந்த விதம் நல்ல விதம் இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழைதிருத்தும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. உங்கள் வயதுதான் எனக்கு. ஞாயிறு என்றால் எனக்கும் கண்டிப்பு. சனிக்கிழமை மாலை வரும் புரூஃப் கட்டை, அதாவது பிழை பார்க்க வேண்டிய அச்சுத் தாள்களை, என்னிடம் வேலை செய்தவர்களிடம் கொடுத்து, "திங்கள் காலை என் மேஜையில் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். அதை அவர்கள் எந்த நேரத்தில் செய்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு திருவிருந்து ஞாயிறு. ஆராதனை முடிந்ததும், மூக்குக் கண்ணாடியை அலுவலகத்தில் வைத்துவிட்டது நினைவுக்கு வந்து போனேன். எங்கள் பிரிவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னிடம் வேலை செய்த பெண் ஒருத்தி புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராக நெருக்கிப் போட்டு, அதில் அவளுடைய மகன் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு வயது இருக்கும். தலைக்குப் பழைய புரூஃப் தாள்களை மடித்து வைத்திருந்தாள், கன்னத்தில் மை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பேனாவை மூடக்கூட இல்லாமல் எழுந்துவிட்டாள். "வீட்ல பாத்துக்க ஆள் இல்ல மேடம், அதான் இவனையும் கூட்டிட்டு வந்துட்டேன். இன்னும் பதினாறு பக்கம்தான்." பையனைக் கூட்டி வந்ததற்காக நான் திட்டுவேன் என்று அவள் பயந்தாள்.

கையில் வேதப்புத்தகத்தோடு நின்றேன். வார்த்தை வரவில்லை. அப்புறம் அந்தப் பதினாறில் எட்டை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பையன் எழுவதற்குள் முடித்துவிட்டோம்.

அடுத்த வாரம் மேலிடத்தில் போய், சனிக்கிழமை புரூஃப் வாங்க மாட்டோம், வெள்ளிக்குள் வந்தாக வேண்டும் என்றேன். இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய உதவி ஆசிரியர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. அந்தப் பொறுப்பை நான் மிகவும் ஆசைப்பட்டேன் தம்பி. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 45ஆம் அதிகாரத்தை ஒழுங்காகப் படித்தது அந்த நாட்களில்தான். மொத்தமே ஐந்து வசனம். எரேமியா சொல்லச் சொல்ல எழுதின பாரூக், தவித்து இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் கிடைக்கவில்லை என்று புலம்புகிறான். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று பதில் வருகிறது. லட்சியத்தைக் கண்டிக்க மேடைகளில் இந்த வசனத்தை எடுத்து வீசுகிறார்கள். அவன் என்ன பெரிய காரியத்தைத் தேடினான் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் தேவனுக்கு அது தெரிந்திருக்கிறது. பாரூக்கைப் பெயர் சொல்லி அழைத்து அந்த ஆசையைப் பற்றிக் கேட்கிறார். ஒரு நகரமே அழியப்போகிற நேரத்தில், நீ போகும் இடமெல்லாம் உன் உயிரை உனக்குத் தருகிறேன் என்கிறார். எனக்கு அது திட்டாகக் கேட்கவில்லை, தோளில் கை வைத்ததுபோல இருந்தது. பிறகு யூதாவின் ராஜா யோயாக்கீம், பாரூக் எழுதிய அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். பாரூக் முழுவதையும் மறுபடி எழுதினான். சோர்ந்துபோயிருந்தவன் வேலையை விடவில்லை.

இந்த ஞாயிறு ஒன்பதரைக்கு அனுப்பாதீர்கள். திங்கள் அலுவலகம் போய் உட்கார்ந்த பிறகு அனுப்புங்கள். முதல் ஒரு மணி நேரம் தாறுமாறாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அப்புறம் அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவரிடம் ஞாயிறு இரவு என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா