வாசகர் கேள்வி – பதில்: குடிநீர்ச் சுத்திகரிப்பு நிறுவனப் பங்குகளை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஐந்து பேர். மாலை நேரங்களில் கூடும்போது பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வி.ஏ. டெக் வாபாக் போன்ற நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனங்களின் பங்குகளை இப்போதே வாங்கிவிட வேண்டும் என்கிறார் எங்களில் ஒருவர். "தண்ணீர் இல்லாமல் யாரும் வாழ முடியாது, கையில் இருக்கும் ஒப்பந்தங்களோ ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு, இந்தத் தொழிலுக்கு அழிவே இல்லை" என்பது அவர் வாதம். மற்ற நால்வருக்கும் தயக்கம். யார் சொல்வது சரி?

பதில்: தண்ணீருக்கான தேவை பெருகும் என்று உங்கள் நண்பர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டும் நிறுவனத்தின் பங்குதாரருக்கு இலாபம் உறுதி என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க இயலவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில், அந்த நிலையத்துக்குப் பணம் கொடுப்பவர் யார், எப்போது கொடுக்கிறார் என்ற கேள்வி இருக்கிறது. இத்தொழிலில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மாநகராட்சிகள், குடிநீர் வாரியங்கள், மின் உற்பத்திக் கழகங்கள் போன்ற அரசு அமைப்புகள். அவற்றிடம் ஒப்பந்தம் பெறுவது ஒரு திறமை என்றால், வேலையை முடித்தபின் பணத்தை வசூலிப்பது அதைவிடப் பெரிய திறமை.

மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதை ஸ்பெயின் நாட்டு பெஃபெசா நிறுவனத்துடன் சேர்ந்து கட்டியது ஐதராபாத்தைச் சேர்ந்த ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனம். அந்த நிலையத்தின் குடிநீர் வட சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐ.வி.ஆர்.சி.எல்-லோ, சாலை, பாசனம் என்று பல துறைகளிலும் கடன் வாங்கி இறங்கியதில் மூச்சுத் திணறி, 2018-இல் திவால் நடைமுறைக்கும் அடுத்த ஆண்டு கலைப்பு உத்தரவுக்கும் உள்ளானது. "தண்ணீர் எப்போதும் தேவை" என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பங்கை வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

வாபாக் அதைவிடக் கவனமாக நடத்தப்படும் நிறுவனம் என்பது என் கருத்து. நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய 10 கோடி லிட்டர் நிலையம் அந்நிறுவனம் கூட்டாளியுடன் சேர்ந்து கட்டியது. நெம்மேலிக்கு அருகே பேரூரில் அமையும் 40 கோடி லிட்டர் நிலையத்தின் ஒப்பந்தமும் அதன் கூட்டணியிடமே இருக்கிறது. இருந்தும் அதற்கும் ஒரு வசூல் கதை உண்டு. ஆந்திர, தெலங்கானா மின் உற்பத்தி நிறுவனங்களுக்கான பணியில் கூட்டாளியாக இருந்த டெக்ப்ரோ நிறுவனம் நொடித்துப்போனதால், வர வேண்டிய பெருந்தொகை பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. பங்கின் விலையோ 2020 மார்ச்சில் நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கி, 2024-இல் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. உயர்ந்த விலையை மட்டும் பார்த்து இன்று வாங்க வருபவர், அந்தத் தாழ்வில் விற்காமல் தாங்கியிருக்கத் தமக்கு நெஞ்சுரம் இருந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்தை நம்பி வாழும் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு மனைவியின் பதிலையும் கேட்பது நல்லது.

கையிலுள்ள ஒப்பந்தங்களின் மதிப்பு நான் கடைசியாகப் பார்க்கும் எண். வீடுதோறும் குழாயில் குடிநீர் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டு முடியும் தறுவாயில் வெளியான திருத்திய மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 22,700 கோடியாகக் குறைந்தது; திட்டக் காலம் மட்டும் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தப் பணத்தை நம்பிக் குழாயும் இயந்திரமும் வாங்கி வேலையைத் தொடங்கிய ஒப்பந்ததாரரின் ஒப்பந்தப் பட்டியலில் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது, ஆனால் அவருடைய வங்கிக் கணக்கில் குறைந்திருக்கும். நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வேலை முடிந்து, சோதனை ஓட்டம் நடந்து, அளவெடுத்து, வேலைக்கான பில் ஒப்புதலாகி, பிடித்தம் செய்த தொகையும் விடுவிக்கப்பட்டு முழுப் பணமும் கைக்கு வரும்வரை, கடன் கொடுத்த வங்கி வட்டி கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே ஆண்டறிக்கையைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள். இயக்கச் செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்தை ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டி, அதே ஐந்து ஆண்டுகளின் நிகர இலாபத்துடன் ஒப்பிடுங்கள். இலாபம் நூறு கோடி என்று எழுதியிருக்க, ரொக்கம் முப்பது கோடிதான் வந்திருக்கிறது என்றால், மீதி எங்கேயோ நிலுவையில் நிற்கிறது என்று பொருள். அடுத்து, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய நிலுவைகளின் வயது அட்டவணை. ஆறு மாதத்துக்கு உட்பட்டவை, ஓராண்டுக்கு உட்பட்டவை என்று தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டவை வரை, தகராறு உள்ளவை இல்லாதவை என்றும் பிரித்து, நிறுவனங்கள் இதை 2021 முதல் கட்டாயம் வெளியிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலுவை ஆண்டுதோறும் பெருகினால், பட்டியலில் எத்தனை புதிய ஒப்பந்தங்கள் சேர்ந்தாலும் நான் ஒதுங்கிக்கொள்வேன். இதனோடு, வேலை நடந்தும் இன்னும் பில் போடாத தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வேறொரு தலைப்பின் கீழ் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

நிலையத்தைக் கட்டிக் கொடுப்பதோடு நில்லாமல், பத்துப் பதினைந்து ஆண்டுகள் இயக்கிப் பராமரிக்கும் பணியிலிருந்து வருமானத்தின் எந்தப் பங்கு வருகிறது என்பதும் முக்கியம். அந்த வருமானம் ஆண்டுதோறும் சீராக வருவது. கங்கைத் தூய்மைத் திட்டத்தில் கடைப்பிடிக்கப்படும் முறையில் கட்டுமானச் செலவில் 40 விழுக்காடு கட்டும்போதும், மீதி 60 விழுக்காடு 15 ஆண்டுத் தவணைகளிலும் கிடைக்கிறது. வரவு உறுதியானது என்றாலும், அதுவரை நிறுவனம் கடனைத் தாங்க வேண்டும்.

உங்கள் நண்பர்கள் நால்வரின் தயக்கம் நியாயமானது. ஆனால் தயங்கி நின்றுவிடாமல், கணக்கைப் படித்து முடிவெடுங்கள். இந்தச் சோதனைகளில் தேறும் நிறுவனமாக இருந்தால், மொத்தச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை, அதையும் ஒரே நாளில் போடாமல் ஓராண்டில் பிரித்து முதலீடு செய்வதில் தவறில்லை.

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஆர்.ஓ. இயந்திரங்கள் ஆண்டு முழுவதும் விற்கின்றன. கடைக்கு வரும் அண்ணாச்சிமார் சிலர், அரசை நம்பும் நிறுவனங்களைவிட இந்த இயந்திரங்களைச் செய்யும் நிறுவனங்களின் பங்குகளே மேல் என்கிறார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது. உங்கள் கருத்து என்ன?

பதில்: கடைக்காரரின் அனுபவம் மதிப்புமிக்கது. ரொக்கம் உடனே வருகிறது என்ற வகையில் அவர்கள் சொல்வது சரியும்கூட. ஆனால் விற்பனையைப் போலவே விற்ற பிறகு நடப்பதையும் நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள். இயந்திரத்தை வாங்கியவர் அடுத்த ஆண்டு வடிகட்டியும் சவ்வும் மாற்ற நிறுவனத்தையே அழைக்கிறாரா, அல்லது பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் பாதி விலையில் வேறு உதிரிபாகம் போட்டுக்கொள்கிறாரா? நிறுவனத்துக்குத் தொடர் வருமானம் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது, அது கை நழுவுவதும் அங்கேதான்.

இத்துறையில் பெரிய நிறுவனங்களே நிலைக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் விற்பனை வலை கொண்ட இந்துஸ்தான் யூனிலீவர் தன் பியூரிட் குடிநீர் வடிகட்டித் தொழிலை 2024-இல் ஏ.ஓ. ஸ்மித் நிறுவனத்துக்கு 601 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு வெளியேறியது. நெல் உமிச் சாம்பலைப் பயன்படுத்தி டாடா கெமிக்கல்ஸ் 2009-இல் கொண்டுவந்த ஸ்வச் வடிகட்டியை இன்று உங்கள் கடையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அக்வாகார்டு தயாரிக்கும் யுரேகா ஃபோர்ப்ஸ் 2022-இல் தனி நிறுவனமாகச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய அட்வென்ட் ஒரு முதலீட்டு நிதி நிறுவனம். அத்தகையோர் என்றாவது ஒருநாள் விற்று வெளியேறுவது இயல்பு. வீட்டு வடிகட்டியான ஜீரோ-பியின் பெயரை வைத்து அயான் எக்ஸ்சேஞ்ச் பங்கை வாங்க நினைப்பவர்கள், 1964-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெரும்பகுதி வருமானம் ஆலைகளுக்கான சுத்திகரிப்பு அமைப்புகளிலிருந்தும் வேதிப் பிசின்களிலிருந்தும் வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீரும் நாகர்கோவிலுக்கு வரும் முக்கடல் அணை நீரும் மலையிலிருந்து இறங்கும், உப்பு குறைந்த மெல்லிய நீர். குளச்சல் பக்கம் கடலை ஒட்டிய கிணறுகளில் சில இடங்களில் உவர்ப்பு ஏறியிருக்கிறது. ஆர்.ஓ. தேவைப்படுவது உவர்ப்பு நீருக்கே. அது கணிசமான நீரைக் கழிவாகவும் வெளியேற்றுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்குக் குறைவான நீர் உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023-இல் இவ்வியந்திரங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. தேவைப்படாத வீடுகளுக்கும் விற்றுப் பெருகிய ஒரு சந்தை, விதிகள் இறுகும்போது சுருங்கக்கூடும். இதைப் பங்கின் விலையில் கழித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். உங்கள் கடைக்கு வருபவர்களிடமும் முதலில் நீரைச் சோதித்துவிட்டு, தேவைக்கேற்ற இயந்திரத்தைப் பரிந்துரைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: குளச்சலில் நண்பர்கள் எட்டுப் பேர் மாதந்தோறும் பணம் சேர்த்து, ஒருவருடைய டிமேட் கணக்கிலேயே (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) நீர் நிறுவனப் பங்குகளை வாங்கிவருகிறோம். பங்கீட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இது போதுமா?

பதில்: போதாது, உடனே நிறுத்திவிடுங்கள். சட்டத்தின் பார்வையில் அந்தப் பங்குகள் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையவை. இலாபத்துக்கான வரியும் அவர் தலையில் விழும். ஓராண்டுக்குள் விற்றால் 20 விழுக்காடு, அதன்பின் விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட இலாபத்தில் 12.5 விழுக்காடு. எட்டுப் பேரும் தனித்தனியே வைத்திருந்தால் அந்த 1.25 லட்சம் விலக்கு ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், உங்கள் நோட்டைக் காட்டி அவருடைய வாரிசுகளிடம் பங்கு கேட்கும் நிலை வரும். நட்பு அந்த இடத்தில்தான் முறியும். பிறர் பெயரில் சொத்து வைப்பதைத் தடுக்கும் பினாமிச் சட்டத்தின் கேள்வியும் எழக்கூடும். கணக்குக் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம்: அடிப்படைச் சேவை டிமேட் கணக்கில் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. கூடிப் பேசுங்கள், சேர்ந்து ஆராயுங்கள். வாங்குவதை மட்டும் அவரவர் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பும் பணத்தில், டெலிகிராம் குழுவொன்றில் சொல்லும் சிறு வடிகட்டி நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா? மூன்று மாதத்தில் மூன்று மடங்காகும் என்கிறார்கள். – கருங்கல் வாசகி

பதில்: வாங்காதீர்கள், தங்கையே. முன்பே மலிவாக வாங்கி வைத்தவர்கள், உங்களைப் போன்றோரிடம் விற்று வெளியேறுவதற்காகவே இத்தகைய குழுக்களை நடத்துகிறார்கள். அந்த ஆலோசகர் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது.

கேள்வி: அருமனையில் ரப்பர் விவசாயி. நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றில் 40 பங்குகள் வைத்திருக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வருகிறது. இவ்வளவு சிறிய பங்குதாரர் அதில் என்ன செய்ய முடியும்?

பதில்: வாக்களிக்கலாம், கேள்வியும் கேட்கலாம். பல நிறுவனங்கள் கூட்டத்தைக் காணொளி வழியே நடத்துவதால், அருமனையில் தோட்டத்து வீட்டிலிருந்தே பங்கேற்க முடியும். அறிவிப்பில் மின்னணு வாக்களிப்பு தொடங்கும் நாளும் முடியும் நாளும், பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டிய முகவரியும் இருக்கும். நாற்பது பங்கு வைத்திருப்பவரின் கேள்வியையும் தலைவர் கேட்கத்தான் வேண்டும்.

என்ன கேட்பது என்று யோசிக்கிறீர்கள் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலுவையில் எவ்வளவு எந்த அரசு அமைப்பிடம் இருக்கிறது, அதில் எவ்வளவு வசூலாகாது என்று ஒதுக்கீடு செய்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். நிறுவன நிறுவனர்களின் பங்குகளில் ஏதேனும் அடகு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்கலாம். தமிழில் பேசத் தயங்க வேண்டாம். கேள்வியை எழுத்தில் முன்பே அனுப்பிவிட்டால், பதிலையும் எழுத்தில் தரும்படி கோரலாம்.