ஐரோப்பாவின் சிறிய ஐஸ் ஹொக்கி லீக்குகளில் சம்பளத்துக்கு ஆட முடியுமா?

கேட்டவருக்கு வயது 21. ஒன்ராறியோவில் ஜூனியர் ஹொக்கி முடித்துவிட்டார், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். கிட்டாது என்று தெரிந்துவிட்டது, ஐரோப்பாவில் எங்காவது ஆட வழியுண்டா என்கிறார்.

உண்டு. நானே போனேன். ஸ்காபரோவிலிருந்து பவேரியாவின் ஒரு சிற்றூருக்கு, ஜேர்மனியின் நான்காம் அடுக்கான பாயர்ன்லீகாவில் ஒன்றரைப் பருவம். ஆனால் தம்பி, உங்கள் ஸ்கேட்டிங்கைப் பற்றிப் பேசுமுன் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

அங்கே லீக் அடுக்குகளின் உச்சியில் டி.இ.எல்., பிறகு டி.இ.எல்.2, ஒபர்லீகா, அதற்கும் கீழே பாயர்ன்லீகா போன்ற வட்டார லீக்குகள். கீழே இறங்க இறங்க வெளிநாட்டவருக்கான இடம் சுருங்கும். எங்கள் அணியில் இரண்டே இரண்டு. அதில் ஒன்றை உங்களுக்குத் தருகிற கழகம் கோல்களைத்தான் எதிர்பார்க்கும். தடுப்பாட்டத்தில் நல்ல பெயர் எடுத்தவனை யாரும் விமானம் ஏற்றிக் கூட்டிவர மாட்டார்கள். அதற்கு உள்ளூர்த் தச்சரே போதும். என்னுடன் ஜூனியர் ஆடிய ஒருவன், என்னைவிடக் குறைவாகக் கோல் அடித்தவன், நேரே ஒபர்லீகாவில் சேர்ந்தான். அவனுடைய தாத்தா ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். பேரனுக்கு ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது, வெளிநாட்டவர் கணக்கில் அவன் வரவில்லை. என் அப்பப்பா பிறந்தது பருத்தித்துறையில்.

எங்கள் அரங்குக்குக் கூரை இருந்தது, பக்கச் சுவர் இல்லை. டிசம்பரில் மூடுபனி உள்ளே புகுந்தால் மறுமுனைக் கோல் காப்பாளர் கண்ணுக்குத் தெரியமாட்டார். தளத்தின் அகலம் 30 மீட்டர், கனடாவில் 26. முதல் மாதம் நான் மூலைக்கு மோத ஓடும்போதெல்லாம் எதிராளி அந்த நான்கு மீட்டருக்குள் எங்கோ நழுவியிருப்பான். வெள்ளி, ஞாயிறு ஆட்டம். எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு இரவு எட்டு மணிக்குப் பயிற்சி. மாதம் 900 யூரோ, ஓர் அறை, இன்னொருவனுடன் பங்குக்கு ஒரு பழைய கார். ஜேர்சியில் என் பெயருக்கு மேலே இறைச்சிக்கடை விளம்பரம். "மகன் ஜேர்மனியில் புரொபெஷனல்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார், நான் திருத்தவில்லை.

வாய்ப்புத் தேடும்போது கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவை அனுப்பாதீர்கள். தளத்தில் இறங்கியது முதல் மாற்றாளுக்கு இடம் விடும் வரை ஒரு ஷிப்டு, அப்படி இரண்டு மூன்றை முழுதாகச் சேர்த்து அனுப்புங்கள். பந்தயத் தளத்தில் பக் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) உங்களிடம் இல்லாதபோது என்ன செய்கிறீர்கள் என்பதைப் பயிற்றுநர்கள் பார்ப்பார்கள். உங்கள் மின்னஞ்சலைப் படிக்குமுன்பே ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் எலைட் பிராஸ்பெக்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள், ஆகவே அது சரியாக இருக்கட்டும். முன்பணம் கேட்கும் முகவரை விட்டு விலகுங்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. ஒக்டோபரில், என்.எச்.எல்.லுக்கு அடுத்த அடுக்கான ஏ.எச்.எல். முகாம்களில் கழிக்கப்பட்டவர்கள் அதற்குக் கீழுள்ள ஈ.சி.எச்.எல்.லுக்கு இறங்குவார்கள், அங்கே கழிக்கப்பட்டவர்கள் இன்னும் கீழே எஸ்.பி.எச்.எல்.லுக்கு. அந்த வாரங்களில் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆடும் எண்ணம் சிறிதாவது இருந்தால் எதிலும் கையெழுத்திடுமுன் விதிகளை விசாரியுங்கள். கனடாவின் உச்ச ஜூனியர் அடுக்கான மேஜர் ஜூனியரில் ஆடியவர்களையும் 2025-26 பருவத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி ஏற்கிறது. என் காலத்தில் அந்தக் கதவு இல்லை.

இரண்டாம் பருவம், நவம்பரில் என் தோள்மூட்டு விலகியது. பத்தாம் நாள் விடுவித்துவிட்டார்கள். பையைக் கட்டப் போனபோது, உடைமாற்றும் அறையில் என் பெயர் எழுதிய வெள்ளை டேப்பின் மேலேயே இன்னொரு டேப் ஒட்டி ஒரு ஃபின்லாந்துக்காரனின் பெயர் எழுதியிருந்தது. கடைசி மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, திரும்பி வரும் விமானச் சீட்டு யாருடையது, ஒரு பருவத்துக்கு எத்தனை ஸ்டிக், நாடு மாறி ஆடத் தேவையான சர்வதேச மாற்று அட்டைக்குக் கட்டணம் யார் கட்டுவது, எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எனக்கு வாயால் சொன்னார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் புள்ளிவிவரங்களைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தாத்தா, பாட்டி எங்கே பிறந்தவர்கள் என்பதையும் எழுதுங்கள்.