மகள் பெயர் எங்கே இருக்கிறது?

அறிவியல் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

*என் மகள் பிரான்சில் கேஎம்3நெட் என்ற நியூட்ரினோ ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறாள். கட்டுரை வந்திருக்கிறது என்று அனுப்பினாள். திறந்தால் நூற்றுக்கணக்கில் பெயர்கள். அவள் பெயர் எங்கோ கடைசியில். இத்தனை பேர் எழுதியதில் இவள் செய்தது என்ன? சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?*
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம் அம்மா. இப்படிப்பட்ட பெரிய குழுக்களில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில், குடும்பப் பெயரை வைத்துப் போடுவார்கள். முன்னால் இருப்பவர் பெரியவர் என்று அர்த்தமில்லை. உங்கள் மகளுக்குக் குடும்பப் பெயராகப் போயிருப்பது அனேகமாக அப்பாவின் பெயர். குறை இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இனி வேலை. நியூட்ரினோ என்பது எதிலும் சுலபமாக மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள். அதைப் பிடிக்கும் கருவியான கேஎம்3நெட் மத்தியதரைக் கடலுக்கு அடியில் இரண்டு இடங்களில் இருக்கிறது. பிரான்சின் தூலோனுக்கு அப்பால் சுமார் 2,450 மீட்டர் ஆழத்தில் ஒன்று, சிசிலிக்கு அப்பால் சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று. தரையில் நங்கூரம், மேலே மிதவை, நடுவே நிமிர்ந்து நிற்கும் கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 18 கண்ணாடிக் கோளங்கள். ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் 31 ஒளி உணரிகள். எங்கிருந்தோ வரும் நியூட்ரினோ அபூர்வமாக ஓர் அணுவில் மோதினால், அதிலிருந்து கிளம்பும் துகள் நீரில் நீல வெளிச்சத்தைத் தீற்றிக்கொண்டு ஓடும். அந்த வெளிச்சம் எந்தக் கோளத்தை எப்போது தொட்டது என்று நானோநொடிக் கணக்கில் பார்த்தால், வந்த திசை தெரியும்.

ஆனால் கடல் சும்மா இருக்காது. நீரோட்டத்தில் கயிறு சாயும். அது எவ்வளவு சாய்ந்தது என்று ஒலி அனுப்பி ஒரு கூட்டம் அளந்துகொண்டே இருக்க வேண்டும். கடலுப்பில் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 ஓயாமல் சிதைந்து மினுக்கும். கடலில் ஒளிரும் உயிரினங்கள் வேறு. தேவனாம்பட்டினத்தில் ராத்திரி வலை இழுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தப் பொய் வெளிச்சங்களைக் கழிக்க ஒரு கூட்டம், கடிகாரங்களைச் சரிபார்க்க ஒரு கூட்டம், இரவு பகலாகக் கருவியைக் கண்காணிக்க முறை வைத்து ஆட்கள்.

2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிப் பக்கம் 21 கயிறுகள்தான் வேலை செய்துகொண்டிருந்தன. அன்றைக்குச் சிக்கிய நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 220 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட், அதுவரை யாரும் பார்த்திராத உயரம். நன்றாகச் சோதித்துவிட்டு 2025 பிப்ரவரியில்தான் வெளியிட்டார்கள். கயிற்றின் சாய்வை அளந்தவர் தப்பாக அளந்திருந்தால் திசையே தப்பாகியிருக்கும். அதனால்தான் அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறது. "நீ எதை அளக்கிறாய்?" என்று மகளிடம் கேளுங்கள். அதற்கு வரும் பதிலைச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

இதில் ஒரு நிஜமான சிக்கல் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நாளை வேலை தேடும்போது இந்தப் பெயர்ப் பட்டியல் யாருக்கும் எதையும் சொல்லாது. வழிகாட்டி எழுதும் கடிதமும், அவள் தனியாக எழுதும் ஆய்வேடும்தான் பேசும். குழுக் கூட்டங்களில் வாய் திறந்து பேசச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அங்கேதான் பின்தங்குகிறார்கள்.

*காஸ்மிக் கதிர் நம் மேல் படுமா? வீட்டுக்குள் இருந்தால் தப்பிக்கலாமா?*
- வாசகர், நெல்லிக்குப்பம்

படும். உள்ளங்கையை விரித்து வைத்தால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் மியூயான் என்ற துகள்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு கடந்துபோகும். ஓட்டு வீடு, மாடி வீடு பார்க்காது. பயம் வேண்டாம், உங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தான் பட்டது.

*கண்டுபிடித்ததை உடனே உலகத்துக்கே சொல்லிவிடுகிறார்களாமே. வேறு யாராவது முந்திக்கொள்ள மாட்டார்களா?*
- வாசகர், வில்லியனூர்

முந்தட்டும் என்றுதான் சொல்வதே. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையே இருக்கிறது.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தூரம் தெரியும் என்று 18ஆம் நூற்றாண்டில் பல நாட்டு அறிஞர்கள் உலகம் முழுக்கப் பிரிந்து போனார்கள். பிரான்சிலிருந்து கியோம் லெ ஜென்தீல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்த்த பார்வை கணக்குக்கு உதவவில்லை. அடுத்த வாய்ப்பு 1769 ஜூனில். ஊர் திரும்பாமல் காத்திருந்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, ஆய்வுக்கூடம் கட்டி, காத்த நேரத்தில் நம் ஆட்களிடம் சோழி வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். அன்று காலை பார்த்து மேகம் மூடிவிட்டது. மணிலாவில் வானம் பளிச்சென்று இருந்ததாம். பாரீஸ் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட வாரிசுகள் தயாராக இருந்தார்கள்; பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

மனுஷர் பாவம்தான். ஆனால் வேலை நிற்கவில்லை. மற்ற இடங்களில் பார்த்தவர்களின் அளவுகளைச் சேர்த்து 1771இல் பிரெஞ்சு வானியலாளர் லாலாண்ட் சூரியனின் தூரம் 15.3 கோடி கிலோமீட்டர் என்று சொன்னார். இன்றைய கணக்கு சுமார் 14.96 கோடி.

இப்போது 2017 செப்டம்பர் 22க்கு வாருங்கள். தென் துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்க்யூப் என்ற கருவியில் ஒரு நியூட்ரினோ சிக்கியது. ஐஸ்க்யூப் திசையைச் சொல்லும். அங்கே என்ன பொருள் இருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. 43 நொடிகளில் செய்தி வெளியே போனது. ஃபெர்மி செயற்கைக்கோளும், லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகளும் அந்தத் திசையில் பார்த்தன. சுமார் 400 கோடி ஒளியாண்டு தூரத்தில், நடுவில் ராட்சதக் கருந்துளை உள்ள ஒரு விண்மீன் மண்டலம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. இதைப் பற்றி வந்த கட்டுரையில் பதினைந்துக்கும் மேற்பட்ட குழுக்கள் பங்கெடுத்தன. செய்தியைப் பூட்டி வைத்திருந்தால் ஐஸ்க்யூபுக்கு மிஞ்சியிருப்பது ஒரு திசை மட்டும்.

*இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்தானா? நம்மிடம் ஒன்றும் இல்லையா?*
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஏன் இல்லை? 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பார்த்தார்கள். டாடா ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்த குழு. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 இன்றும் ஓடுகிறது. அதிலும் ஜப்பானியர்கள் கூட்டு. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேல் நின்ற இடிமேகத்தில் மியூயான்கள் குறைவதைப் பார்த்து, அந்த மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். தானே, ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை.

*ப்ளஸ் டூ படிக்கிறேன். இப்போதே இதில் ஏதாவது செய்ய முடியுமா?*
- மாணவன், பண்ருட்டி

முடியும் தம்பி. அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டிகளை நட்டு வைத்திருக்கும் பியர் ஓஜே ஆய்வகம், 2021இல் தன் தரவில் 10 சதவீதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. பயிற்சிப் பாடங்களும் கூடவே உண்டு. அதற்குப் பைத்தான் என்ற கணினி மொழி தெரிய வேண்டும். பொதுத்தேர்வு முடிந்ததும் ஆரம்பி, அதற்கு முன்னால் வேண்டாம். அப்புறம், பள்ளி ஆய்வகத்தில் சாலிடரிங் இரும்பு சும்மா கிடந்தால் அனுமதி கேட்டு எடுத்துப் பழகு.