மனித டேப் ரெக்கார்டரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஜப்பானில் தொத்தோரியில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு இங்கே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இருக்கிறேன். ஜப்பானுக்கு விண்ணப்பிக்க ஆசை. ஆனால் அங்கே போய் வந்த ஒருவர், "உதவி ஆசிரியர் என்றால் மனித டேப் ரெக்கார்டர்தான், வாசிக்கச் சொன்னால் வாசித்துவிட்டு உட்கார வேண்டியதுதான்" என்கிறார். நமக்கு ஆங்கிலம் தாய்மொழியும் இல்லை. நம்மை ஆசிரியராக மதிப்பார்களா? நான் சைவம் வேறு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள தங்கைக்கு,

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் மூன்று மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். பாடம் நடத்துபவர் ஜப்பானிய ஆசிரியர். ஏ.எல்.டி. (உதவி மொழி ஆசிரியர்) என்று அழைக்கப்படும் நாம், பாடநூலில் உள்ள உரையாடலை உரக்க வாசிக்க வேண்டும். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அப்படி நாளுக்கு மூன்று நான்கு பீரியட். மீதி நேரமெல்லாம் ஆசிரியர் அறையில், துணைத் தலைமையாசிரியரின் கண்பார்வையில் இருக்கும் மேசையில்தான். வேலை இல்லாவிட்டாலும் மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட, வகுப்பில் நிலவும் மௌனம்தான் என்னை வாட்டியது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிற பிள்ளை, பக்கத்துப் பிள்ளையிடம் கிசுகிசுவென்று சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். சில பிள்ளைகள் அப்போதும் திறக்காது. அவர்களுக்குப் பிடிக்காதது ஆங்கிலம் என்று நினைத்தேன். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அது என்பது பிறகுதான் விளங்கியது.

நான் போனது ஜெட் திட்டத்தில். 1987இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேரோடு ஜப்பான் அரசு தொடங்கியது அது. 'ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் அண்ட் டீச்சிங்' என்ற அதன் முழுப் பெயரில் பரிமாற்றம் முன்னால் நிற்கும், கற்பித்தல் அதற்குப் பின்னால்தான். அந்த வரிசையின் பொருள் எனக்குப் புரிந்த இடம், துடைக்கும் துணி.

அங்கே பள்ளியைப் பெருக்கித் துடைப்பது பிள்ளைகள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க மனம் கேட்காமல், ஒருநாள் நானும் ஒரு 'ஸோகின்' எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். பழைய துண்டை மடித்துத் தைத்த தரைத்துணி அது. நம் வீட்டில் பிழிவதைப் போலக் குறுக்காகப் பிடித்துப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்து துணியை வாங்கினான். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகச் செங்குத்தாகப் பிடித்து முறுக்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் முறுக்கினேன். "மோர் ஸ்ட்ராங்" என்றான். மறுபடி முறுக்கினேன். "நோ. மோர்." மூன்றாம் தடவை இரண்டு சொட்டுதான் விழுந்தது. "குட்" என்றான்.

அவனுடைய ஆங்கிலத்தை நான் திருத்தவில்லை. அவன் சொன்னது எனக்குப் புரிந்தது, அதன்படி என் கை செய்தது. தன் வாயிலிருந்து வந்த அந்நிய மொழிச் சொல் ஒரு வேலையை நடத்திவிட்டதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அன்றைக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் சுத்தம் செய்யும் நேரத்தைத் தவறவிட்டதில்லை. வகுப்பில் வாசிக்கும் வேலை அப்படியே தொடர்ந்தது. ஆனால் தாழ்வாரத்தில் பேசிய பிள்ளைகள் மெல்ல வகுப்பிலும் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்து, தாய்மொழி. அங்கே உள்ள தனியார் ஆங்கிலப் பேச்சுப் பள்ளிகள் பல, 'நேட்டிவ் ஸ்பீக்கர்' வேண்டும் என்றே விளம்பரம் கொடுக்கும். அந்த வருத்தம் உங்களுக்கு வரத்தான் செய்யும். பள்ளியில் பிள்ளைகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியர்கள் 19×19 வரை வாய்ப்பாடு சொல்வார்களாமே என்றுதான் கேட்பார்கள். ஜப்பானிய மொழியில் 'ன்' ஒன்றைத் தவிர வேறு மெய்யெழுத்தில் சொல் முடியாது. அதனால் பஸ் 'பஸு' ஆகும், டெஸ்ட் 'டெஸுடோ' ஆகும். என்னோடு வேலை பார்த்த ஓர் அமெரிக்கருக்கு இது ஏன் என்றே பிடிபடவில்லை. "பஸ்ஸு வந்துடுச்சு" என்று சொல்லி வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒட்டும் அந்த உகரத்தை எப்படி விழுங்குவது என்று நான் பழகிய விதத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், வந்தது. ர, ற, ல, ள, ழ என ஐந்தையும் நாவில் வைத்திருக்கிற நமக்கு, ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும் பிள்ளைக்கு நாக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்டுவது எளிது. ஆங்கிலத்தை நாம் கஷ்டப்பட்டுக் கற்றவர்கள், தங்கை. அது உங்களுக்கு ஒரு குறையாகவே தோன்ற வேண்டாம்.

சாப்பாடு கொஞ்சம் கடினம்தான். பள்ளியில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, கூடவே 200 மில்லி பால். காய் மட்டும் போட்ட சூப்பிலும் 'தாஷி' இருக்கும். பெரும்பாலும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, உலர்த்திச் சீவி எடுத்த சாறு அது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு உறவு. சேரும் முன்பே சொல்லிவிட்டால் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர விடுவார்கள். ஆனால் ஆசிரியர் அறையில் தனியாகச் சாப்பிடாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்பில் பிள்ளைகளோடு உட்காருங்கள்.

ஒப்பந்தம் ஓராண்டு, புதுப்பித்தாலும் ஜெட்டில் ஐந்து ஆண்டுக்கு மேல் கிடையாது. அதை நினைவில் வைத்து ஜப்பானிய மொழியை முதல் நாளிலிருந்தே படியுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர், குறைந்தது 12 ஆண்டு ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். என் தொடக்கப் பள்ளியை மூடிவிட்டிருந்தார்கள். அந்த ஒரு தாளுக்காக இரண்டு மாதம் அலைந்தேன்.

அன்புடன்,
அக்கா