அதிக டிடக்டபிள் திட்டம்: கையைக் கடிப்பது நடுத்தர ஆண்டில்தான்

கேள்வி: அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறோம். நான் மத்திய அரசு ஊழியர். மனைவி தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். மனைவிக்குச் சர்க்கரை நோய். மாதாமாதம் விலை கூடிய ஊசி மருந்து போடுகிறார். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறிக்கொண்டே போவதால், 'அதிக டிடக்டபிள் திட்டத்துக்கு மாறிவிடு, எச்.எஸ்.ஏ. கணக்கும் (மருத்துவச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) கிடைக்கும்' என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு 3,400 டாலர் டிடக்டபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்தில் நாங்களே கட்ட வேண்டிய தொகை, என்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. உண்மையில் எவ்வளவு செலவாகும்? ஊருக்குப் போகும்போது பல் வைத்தியம் பார்ப்போம். அதற்கு எச்.எஸ்.ஏ. பணத்தை எடுக்கலாமா?

பதில்: அந்த 3,400ஐ மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரீமியம் குறைகிறதே என்று உடனே மாறவும் வேண்டாம். ஒரு திட்டத்தின் விலை என்பது உங்கள் பங்கு பிரீமியமும் கையிலிருந்து கட்டும் மருத்துவச் செலவும் சேர்ந்தது. அரசு ஊழியர்களுக்கான அதிக டிடக்டபிள் திட்டங்களில் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் வேண்டும். பிரீமியத்தின் ஒரு பகுதியைத் திட்டமே மாதாமாதம் உங்கள் எச்.எஸ்.ஏ. கணக்கில் போடுகிறது. பலர் கணக்குப் போடும்போது இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எண்களோடு பார்த்தால்தான் புரியும். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் திட்டக் கையேட்டில் உள்ள எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். பழைய திட்டத்தில் சம்பளத்துக்குச் சம்பளம் 240 டாலர் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 26 சம்பளம், ஆக 6,240. புதியதில் 170, ஆக 4,420. எச்.எஸ்.ஏ.வில் திட்டம் போடுவது 2,000.

யாருக்கும் பெரிதாக உடம்புக்கு வராத ஆண்டு என்றால், பழைய திட்டத்தில் பிரீமியத்தோடு, ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகையான கோபே ஒரு 300 சேர்ந்து 6,540 ஆகும். புதியதில் அதே டாக்டர் செலவு முழு விலையில் 700 என்றாலும், பிரீமியத்தைக் கூட்டி 2,000ஐக் கழித்தால் 3,120தான். வருடாந்திரப் பரிசோதனை, தடுப்பூசி போன்றவை நெட்வொர்க்குக்குள், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களிடம், செய்துகொண்டால் டிடக்டபிளுக்கு முன்பே இலவசம்.

40,000 டாலர் பில் வரும் அறுவை சிகிச்சை நடந்த ஆண்டு என்று வையுங்கள். பழைய திட்டத்தில் 700 டிடக்டபிள், மீதியில் 15 சதவீதம் உங்கள் பங்கு என்றால், பிரீமியத்தோடு 12,835. புதியதில் 3,400 கட்டியபின் 5 சதவீதம்தான் உங்கள் பங்கு என்றால், பிரீமியத்தைக் கூட்டி 2,000ஐக் கழித்தால் 7,650. பலர் பயப்படுவது இந்த ஆண்டை நினைத்துத்தான். ஆனால் இதிலும் புதிய திட்டமே மலிவாக வரலாம்.

உங்கள் வீட்டு நிலைமை இந்த இரண்டும் இல்லை, நடுத்தரம். ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காவிட்டாலும் மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போயாக வேண்டும். ஊசி மருந்து மாதம் 900 டாலர், பழைய திட்டத்தில் கோபே 60 என்று வைத்தால், வருடத்துக்கு 720, பிரீமியத்தோடு 6,960. புதியதில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் 900 முழுதாகக் கட்ட வேண்டும். ஏப்ரலில்தான் டிடக்டபிள் தீரும். அதன்பின் மருந்தில் 25 சதவீதம் உங்கள் பங்கு என்றால், மருந்துக்கு மட்டும் வருடத்தில் 5,250. பிரீமியத்தைக் கூட்டி 2,000ஐக் கழித்தால் 7,670. பழைய திட்டத்தைவிட 710 டாலர் கூடுதல்.

இதில் வரியையும் சேர்க்க வேண்டும். பிரீமியம் வரிக்கு முன்பே பிடிக்கப்படுவதால், மிச்சமாகும் 1,820 டாலர் முழுதாகக் கைக்கு வராது. 22 சதவீத வரி அடுக்கில், மேரிலாந்து வரியும் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தமும் போக, 1,200க்கும் கீழேதான் நிற்கும். மறுபுறம், உங்கள் கைப்பணத்தை எச்.எஸ்.ஏ. வழியாகச் செலவழித்தால் அதற்கு வருமான வரிக் கழிவு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், மேலே சொன்ன எண்களில் பழைய திட்டமே சில நூறு டாலர் மலிவு.

அதனால் முதலில் திட்டத்தின் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். இன்சுலின், சர்க்கரைக்கான வேறு மருந்துகள், சர்க்கரை அளவின் சராசரி காட்டும் ஏ1சி பரிசோதனை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போன்றவற்றை டிடக்டபிளுக்கு முன்பே கவர் செய்ய 2019 முதல் அமெரிக்க வருமான வரித்துறை அனுமதிக்கிறது. அனுமதிதான், கட்டாயமில்லை. திட்டத்துக்குத் திட்டம் மாறும். மனைவியின் மருந்தின் பெயரைச் சொல்லி, 'டிடக்டபிளுக்கு முன் எவ்வளவு கட்டணும்?' என்று போனில் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலில் மேலே போட்ட கணக்கு தலைகீழாக மாறலாம்.

அடுத்தது அவசியம் கவனிக்க வேண்டியது. மனைவியின் கம்பெனியில் அவர் சாதாரண மருத்துவ எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்தில் வரிக்கு முன் பிடித்து வைக்கும் கணக்கு) வைத்திருந்தால், அந்தப் பணம் உங்கள் செலவுக்கும் பயன்படும் என்பதால், உங்களுக்கு எச்.எஸ்.ஏ. தகுதியே போய்விடும். உங்கள் பழைய எஃப்.எஸ்.ஏ.வில் மிச்சம் அடுத்த ஆண்டுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான். அதைப் பல், கண் செலவுக்கு மட்டுமான வகைக்கு மாற்ற வேண்டும். தகுதி இல்லாதவர்களுக்குத் திட்டம் தான் தரும் 2,000ஐ எச்.ஆர்.ஏ. கணக்கில் (மருத்துவச் செலவைத் திருப்பித் தரத் திட்டமே வைத்திருக்கும் கணக்கு) போடும். ஆனால் அது உங்கள் சொந்தப் பணம் ஆகாது. திட்டத்தை விட்டால் அதுவும் போய்விடும். எச்.எஸ்.ஏ. பணமோ எங்கே போனாலும் உங்களுடையது.

2026க்கு எச்.எஸ்.ஏ. உச்சவரம்பு தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750 டாலர். திட்டம் போடும் 2,000 இதற்குள் அடக்கம். நீங்கள் போடக்கூடியது 6,750. அப்புறம், திட்டத்தை மாற்ற அனுமதிக்கும் நவம்பர்-டிசம்பர் ஓப்பன் சீசனில் மாறினால், புதிய திட்டம் ஜனவரியின் முதல் முழுச் சம்பளக் காலத்தில்தான் தொடங்கும். மாதத்தின் முதல் தேதியில் கவரேஜ் இருந்தால்தான் எச்.எஸ்.ஏ. தகுதி, ஆகவே பெரும்பாலும் பிப்ரவரி 1 முதல்தான் கணக்கு நடக்கும். திட்டத்தின் பணமும் மொத்தமாக வராது, மாதாமாதம் சொட்டும். மருந்துக் கடை பில்லோ ஜனவரியிலேயே வந்து நிற்கும். அதனால் மாறுவதென்றால், டிடக்டபிள் அளவுக்கு ரொக்கம் வங்கியில் தயாராக இருக்கட்டும். அது இல்லாத குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தை நான் சொல்லமாட்டேன். கிரெடிட் கார்டு வட்டி எல்லா லாபத்தையும் தின்றுவிடும்.

டாக்டர் அலுவலகத்தில் 'டிடக்டபிள் திட்டமா, இப்பவே கட்டுங்க' என்றால் அவசரப்படாதீர்கள். டிடக்டபிள் தீரும் முன்பும் நெட்வொர்க் டாக்டருக்கு நீங்கள் கட்டுவது ஒப்பந்த விலைதான். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் விளக்கத்தாளில் 'பில் 412, அனுமதித்த தொகை 168, உங்கள் பொறுப்பு 168' என்பதுபோல இருக்கும். அது வந்தபின் 168 கட்டினால் போதும்.

மாறிவிட்டு அடுத்த ஆண்டு பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். உடல்நிலையைக் கேட்டு மறுக்க மாட்டார்கள். ஓய்வுக்குப் பிறகும் காப்பீடு தொடர வேண்டுமானால், ஓய்வுக்கு முந்தைய 5 ஆண்டுகள் தொடர்ந்து அரசு ஊழியர் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதிக டிடக்டபிள் திட்டத்தில் இருந்த காலமும் அதில் சேரும்.

சரி, ஊரில் பல் வைத்தியம். தாராளமாக எச்.எஸ்.ஏ. பணத்தை எடுக்கலாம். வேர் சிகிச்சை, கிரவுன் போன்றவை சென்னையில் செய்தாலும் மதுரையில் செய்தாலும் தகுதியான செலவுதான். பல்லை வெண்மையாக்குவதுபோல அழகுக்காகச் செய்வது சேராது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்டால் அதுவும் சரி, இரு நாட்டிலும் சட்டப்படி அனுமதி உள்ள மருந்தாக இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவரும் மருந்துக்கு எடுக்காதீர்கள். இந்தியக் குடிமக்களாக ஊரிலேயே வசிக்கும் அப்பா அம்மாவின் செலவுக்கும் எடுக்க முடியாது. எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் சேரும். பல் டாக்டரிடம் பெயர், தேதி, செய்த சிகிச்சை, ரூபாய்த் தொகை எல்லாம் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். அன்றைய டாலர் மதிப்பை அதிலேயே குறித்து வைத்தால் வரித்துறை கேட்கும்போது காட்டலாம்.