கணவனும் மனைவியும் சேர்ந்து துப்பறியும் நாவல்கள் ஏன் இத்தனை கலகலப்பாக இருக்கின்றன?

கொலையோ திருட்டோ நடக்கும். துப்பறிவது ஒரு தம்பதி. விசாரணைக்கு நடுவிலும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். அகதா கிறிஸ்டியின் டாமி, டப்பென்ஸ் ஜோடி 1922-இல் அறிமுகமாகி, 1929-இல் வந்த சிறுகதைகளில் கணவன் மனைவியாகத் துப்பறிந்தது. நமக்கு ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா.

கலகலப்புக்குக் காரணம் பேச்சு. துப்பறிபவர் தனியாள் என்றால் அவர் மனதுக்குள் யோசிப்பதை ஆசிரியர் விவரித்தாக வேண்டும். இருவர் என்றால் சந்தேகமெல்லாம் வாக்குவாதமாகவே வெளியே வந்துவிடும். எனக்கு இந்த வகை பிடித்ததே அதனால்தான்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இதை நேரில் பார்க்கலாம். விசேஷத்துக்கு மல்லி வாங்க வந்த கணவர் விலையிலேயே நிற்பார். மனைவி கூடைக்கு அடியில் கையை விட்டு நாலு மொட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேலதான் புதுசு, அடியில பூரா நேத்துப் பூவு" என்பார்.

"விலையைக் கம்மியாச் சொன்னப்பவே நினைச்சேன்."

"நினைச்சவுக எதுக்குப் பையை விரிச்சீக?"

துப்பும் கிடைத்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

சிரிப்பு இருந்தால் மர்மம் சப்பென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டிக்கார ஆசிரியர் முக்கியமான துப்பை நாம் சிரித்துக் கடந்துபோகும் வரியில்தான் ஒளித்து வைப்பார்.